104 என்ற எண்ணை நம்பலாமா?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அர்டுயினோ பலகையும் வெப்பநிலை உணரியும் சேர்ந்த கருவி இல்லாமல் இருப்பது அரிது. திரையில் 31.42 என்று இரண்டு தசம இடங்களோடு எண் ஒளிரும். நடுவர்கள் நிரலைப் பற்றிக் கேட்பார்கள், பயன்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். "இதை எதோடு ஒப்பிட்டு அளந்தாய்?" என்று கேட்பவர் குறைவு. என் கருத்தில் அதுதான் முதல் கேள்வி.

அர்டுயினோ ஊனோ ஒரு மின்னழுத்தத்தைத் தனியாக அளப்பதில்லை. மேற்கோள் மின்னழுத்தம் ஒன்றை 1024 படிகளாகப் பிரித்து, வந்தது எத்தனையாவது படி என்று மட்டுமே சொல்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் யூஎஸ்பி வழியே வரும் 5 வோல்ட்டையே மேற்கோளாக எடுத்துக்கொள்ளும். அந்த 5 வோல்ட் உண்மையில் 4.75 ஆக இருந்தால்? 30 பாகையில் இருக்கும் வகுப்பறையை, எல்எம்35 உணரி சரியாக வேலை செய்தும், திரை 31-க்கு மேல் காட்டும். நிரலில் பிழை தேடி இரவெல்லாம் விழித்திருந்தும் பயனில்லை.

விவரம் தெரிந்த மாணவர்கள் டிஎல்431 என்ற மூன்று கால் சில்லை வாங்குகிறார்கள். ஏறக்குறைய 2.5 வோல்ட்டை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் மலிவான சில்லு அது. பாராட்ட வேண்டிய முயற்சிதான். அடுத்து, இரைச்சல் குறையட்டும் என்று அதன் வெளியீட்டில் 104 என்று அச்சிட்ட பீங்கான் மின்தேக்கி ஒன்றைப் பொருத்துகிறார்கள். 10-க்குப் பின் நான்கு சுழியம், 1,00,000 பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். எல்லாச் சுற்றிலும் போடுவதுதானே, இங்கேயும் போட்டால் என்ன?

இங்கே போடக்கூடாது. டிஎல்431-இன் தரவுத்தாளில் ஒரு வரைபடம் உண்டு. வெளியீடு 2.5 வோல்ட்டாக இருக்கும்போது, சுமார் 0.01 முதல் சில மைக்ரோஃபாரட் வரை அலைவு ஏற்படக்கூடிய பகுதி என்று அது காட்டுகிறது. 104 அதன் நடுவே விழுகிறது. பெரும்பாலோர் கவனிக்காத இன்னொன்று: ஊனோ பலகையின் ஏரெஃப் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் எதையும் சேர்க்காமல் டிஎல்431-ஐ நேராக அங்கே இணைத்தாலும் அதே வம்புதான்.

அலைவு ஏன் வருகிறது? சில்லுக்குள் ஒரு பெருக்கி உட்கார்ந்து வெளியீட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு அதன் தாமதம், மின்தேக்கிக்கு அதன் தாமதம். ஒருவர் சோம்பேறி, மற்றவர் சுறுசுறுப்பு என்றால் வேலை ஓடிவிடும். இருவரும் ஏறத்தாழ ஒரே அளவு தாமதித்தால், ஒருவர் திருத்தியதை மற்றவர் காலம் கடந்து மறுபடி திருத்துவார். அதனால்தான் மிகச் சிறிய மின்தேக்கியும் மிகப் பெரியதும் பாதுகாப்பு, இடைப்பட்டது ஆபத்து.

அப்படியானால் பெரிதாகவே போட்டுவிடலாமே என்பீர்கள். 10 மைக்ரோஃபாரட் போடுங்கள், அலைவு நிற்கும். இரைச்சல்? டிஎல்431-இன் உள்தடை சுமார் 0.2 ஓம். 1/(2πRC) என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 80,000 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்கு மேற்பட்ட இரைச்சலைத்தான் அந்த மின்தேக்கி அடக்கும். உங்கள் எண்ணை மெல்ல ஆட்டும் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலை அது தொடவே தொடாது.

மின்தேக்கி எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியம். பீங்கான் மின்தேக்கிக்குள் தொடர்தடை மிகக் குறைவு. அதோடு, பல பீங்கான் வகைகளைத் தட்டினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். மேசையைத் தட்டினால் எண் துள்ளும். டாண்டலம் மின்தேக்கியில் ஓரளவு தொடர்தடை உண்டு. அந்தத் தடை பெருக்கியின் தடுமாற்றத்தைத் தணிக்கிறது. பழைய மின்னழுத்தச் சீராக்கிகள் பலவற்றின் தரவுத்தாள்கள் டாண்டலத்தைப் பெயர் சொல்லிக் கேட்பது அதனால்தான்.

அந்த டாண்டலத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் உறவு உண்டு. நாம் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயத்தின் தாதுவோடு டாண்டலமும் சிறிதளவு கலந்து வரும். கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்களில் எடுத்த தாது பினாங்கு, பட்டர்வொர்த் உருக்காலைகளுக்குப் போனது. வெள்ளீயம் உருகிப் பிரிந்தது, டாண்டலம் கசடில் தங்கியது. குப்பையென்று ஒதுக்கிய கசடுக்குப் பின்னாளில் நல்ல விலை வந்தது. மலேசிய, தாய்லாந்துக் கசடுகள் ஒரு காலத்தில் உலகின் முக்கிய டாண்டல மூலங்களாக இருந்தன. பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும், 1938-இல் கட்டிய ஈயம் வாரும் கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இன்று ஈப்போவிலேயே கார்செம், யூனிசெம் நிறுவனங்கள் சில்லுகளை உறையிட்டுச் சோதித்து அனுப்புகின்றன. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது. உள்ளே இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும், இது ஏன் தவறுகிறது என்று கண்டுபிடிப்பவருக்கும் உள்ள இடைவெளி, பல நேரங்களில் இப்படியொரு வரைபடத்தைப் படிக்கத் தெரிவதுதான். ஆகவே ஆர்பிடி ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தசம இடங்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியைத் தரவுத்தாளைப் படித்தவருக்குக் கொடுங்கள்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு வழி எளிது. 5 வோல்ட்டிலிருந்து 470 ஓம் வழியாக டிஎல்431-ஐ இயக்குங்கள். அதன் வெளியீட்டை 100 ஓம் தடை வழியாக ஏரெஃப் முனைக்குக் கொண்டுபோய், அங்கே 10 மைக்ரோஃபாரட் டாண்டலத்தை வையுங்கள். தடை நடுவில் இருப்பதால் மின்தேக்கி சில்லைத் தொந்தரவு செய்யாது. சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சலும் அடங்கும். 1,000 ஓம் போட்டால் இன்னும் அடங்குமே என்று ஆசைப்படாதீர்கள்: ஏரெஃப் முனைக்குள் சுமார் 32,000 ஓம் தடை இருப்பதால் மேற்கோளே 3 விழுக்காடு சரியும். 100 ஓமுக்குச் சரிவு 0.3 விழுக்காடுதான், கணக்கில் சரிசெய்துவிடலாம். நிரலில் வெளி மேற்கோள் என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் அளக்கத் தொடங்க வேண்டும். 100 ஓம் இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை என இருநூறு இருநூறு அளவீடுகளை எடுத்து வரைபடமாக ஒட்டுங்கள். டாண்டலத்தின் உடலில் உள்ள கோடு நேர்முனையைக் குறிக்கும், அலுமினிய வகையில் எதிர்முனையை. மாற்றிப் போட்டால் டாண்டலம் புகைந்து எரியும்.