சிகிச்சை முடிந்த பிறகும் துணை வேண்டும்



அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, "இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்" என்று மருத்துவர் சொல்லும் நாளில்தான் புற்றுநோயிலிருந்து மீண்ட பலருக்கு மனப் போராட்டம் தொடங்குகிறது. சாதாரண முதுகுவலிகூட நோய் திரும்பிவிட்டதோ என்று கலங்க வைக்கும். ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடும். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவருக்கு உமிழ்நீர் வற்றி, ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் தேவைப்படும். கல்யாணப் பந்தியில் உட்காரவே கூசுவார். சிகிச்சை முடித்தவர்கள் இப்படி நடுவழியில் விடப்படுகிறார்கள் என்று எச்சரித்த அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' அமைப்பின் 2005 அறிக்கை, ஒவ்வொருவருக்கும் தொடர் பராமரிப்புத் திட்டத்தை எழுதித் தரச் சொன்னது.

குடும்பம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். வீட்டார் பயந்துவிடக் கூடாது என்றுதான் பலர் வாயே திறப்பதில்லை. "அதான் குணமாயிடுச்சே" என்ற அன்பான சொல்லே பேச்சை அடைத்துவிடுகிறது. இவர்களுக்கு ஆலோசனை தர மனநல மருத்துவர்கள் குறைவு என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் எல்லோருக்கும் மனநல மருத்துவர் தேவையில்லை; பயிற்சி பெற்ற செவிலியர் பேசிப் பார்த்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களை மட்டும் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பலாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் "தூக்கம் வருகிறதா? பயமாக இருக்கிறதா?" என்று புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமும் கேட்கலாமே. முதல் வேலையாக, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஆலோசகரைப் பார்க்கும் தேதியையும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் அரசு மருத்துவமனைகள் அச்சிட்டுத் தரட்டும்.

– ஒரு வாசகர், திருச்சி