‘அட்மின்’ என்பது யாருடைய பெயர்?

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் உங்களில் பலர் வீட்டில் சும்மா இருக்கப் போவதில்லை. முடிவு வரும்வரை காஹாங்கிலோ குளுவாங்கிலோ ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்வீர்கள். முதல் நாள் காலையில் அங்குள்ள மூத்த அக்கா உங்களைக் கணினி முன் உட்கார வைத்து, “பேரு அட்மின். பாஸ்வர்ட் இதுதான். நாங்க எல்லாரும் இதைத்தான் போடுறோம்” என்று ஒரு துண்டுச் சீட்டைக் காட்டுவார். பெரும்பாலும் அது விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும். நல்ல மனத்தோடுதான் அவர் அதைத் தருகிறார். ஆனாலும், புதிதாக வேலைக்கு வரும் உங்களுக்கு அந்தச் சீட்டைவிட ஆபத்தான பொருள் அந்த அலுவலகத்தில் வேறொன்றும் இல்லை என்பேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள். பத்தொன்பது வயதில், செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரிகளை எடை போட்டுப் பதியும் வேலைக்குச் சேர்ந்தாள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நம் வட்டாரத்தில் செம்பனை எடை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டன்னுக்கு 800 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அரை டன் எண்ணிக்கை மாறினாலே 400 ரிங்கிட் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போய்விடும். மூன்றாவது மாதத்தில் சில பழைய எடைகள் மாற்றப்பட்டிருப்பது தெரிய வந்தது. யார் மாற்றியது? கணினியைக் கேட்டார்கள். ‘அட்மின்’ என்றது கணினி. அந்த அலுவலகத்தில் நான்கு பேர் அட்மின். சந்தேகம் யார் மேல் விழுந்திருக்கும்? புதிதாக வந்தவள் மேல்தான். அவளைத் திருடி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. அதைத் தாங்க முடியாமல் அவளே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அவளுக்கென்று தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இருந்திருந்தால், அந்தக் கணினியே அவளுக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

கட்டுப்பாடுகள் என்றாலே முதலாளி தொழிலாளியை நம்பாததால் போடும் வேலி என்று நாம் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய தோட்ட அலுவலகம் எப்படி நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். வெளிக்காட்டில் யார் எவ்வளவு வேலை செய்தார் என்பதைக் கங்காணியோ தண்டலோ குறித்துக் கொடுப்பார். கிராணி அதைச் செக்ரோலில் ஏற்றுவார். துரை பார்த்துக் கையெழுத்துப் போடுவார். குறிப்பவர் கையெழுத்திட முடியாது. ஏற்றுபவர் குறிக்க முடியாது. அந்த முறையிலும் ஏமாற்று நடந்ததுண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏமாற்ற வேண்டுமானால் குறைந்தது இரண்டு பேர் சேர வேண்டியிருந்தது. கணினி வந்ததும் அந்த மூன்று பேரின் வேலையையும் ஒரே ‘அட்மின்’ தலையில் கட்டிவிட்டு, அதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுப்பு. அதில் ஒருவர் செய்யக்கூடியவை அடிப்படையில் நான்கு: பார்க்கலாம், புதிய வரி சேர்க்கலாம், இருக்கும் வரியைத் திருத்தலாம், அழிக்கலாம். இந்த நான்கையும் தனித்தனியாக ஒருவருக்குக் கொடுக்கவும் திரும்ப எடுக்கவும் தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்.-இல் கட்டளைகளே உண்டு. கொடுப்பதற்கு ‘கிராண்ட்’, எடுப்பதற்கு ‘ரிவோக்’. எடை நிலையத்தில் லாரி எடையைப் பதிபவருக்குப் புதிய வரி சேர்க்கும் உரிமை போதும். நேற்றைய வரியைத் திருத்தும் உரிமை அவருக்கு எதற்கு? பணம் கணக்கிடுபவர் எடையைப் பார்த்தால் போதும், தொட வேண்டாம். தவறு நேர்ந்தால் மேலாளர் திருத்தட்டும். அப்போதும் பழைய எண்ணை அழிக்காமல், புதிய எண், திருத்தியவர் பெயர், நேரம், காரணம் எல்லாம் பக்கத்திலேயே பதிவாகட்டும். அழிக்கும் உரிமையை அன்றாட வேலைக்கு யாருக்குமே தர வேண்டியதில்லை. ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அளவு மட்டுமே உரிமை என்னும் இந்தக் கொள்கையை ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் 1975-இலேயே தெளிவாக எழுதி வைத்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. நம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

இதெல்லாம் சின்ன அலுவலகத்துப் பிரச்சினை, பெரிய இடங்களில் நடக்காது என்று எண்ணாதீர்கள். பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போவோம். நம் ஜொகூர்க்காரர்கள் பலர் அங்கேதான் வேலை செய்கிறார்கள், அங்கேயே மருத்துவமும் பார்க்கிறார்கள். 2018 ஜூன் 27-க்கும் ஜூலை 4-க்கும் இடையில், சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை திருடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குக் கொடுத்த மருந்து விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் அடக்கம்.

அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. 2019 ஜனவரியில் அதன் அறிக்கை வெளியானது. திருடர்கள் பயன்படுத்திய கணக்குகளுள் ஒன்று முழு நிர்வாக உரிமை கொண்டது. அதன் கடவுச்சொல் என்ன தெரியுமா? ‘பாஸ்வர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லேதான்! முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, ‘ஏ’-க்குப் பதிலாக மின்னஞ்சலில் வரும் ‘அட்’ குறியையும், ‘ஓ’-வுக்குப் பதிலாகச் சுழியத்தையும் போட்டிருந்தார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு, எட்டு இடங்கள்: உங்கள் கணினிப் பாடத்தில் சொல்லும் விதிகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. ஆனால் திருடர்கள் முதலில் முயன்று பார்க்கும் பட்டியலிலும் அது இருக்கும். விதியைப் பின்பற்றுவதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

ஜூலை 4-ஆம் தேதி அந்தத் திருட்டைக் கண்டுபிடித்தது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. தரவுத்தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஓர் ஊழியர், வழக்கத்துக்கு மாறான கேள்விகள் தரவுத்தளத்துக்கு வருவதைக் கண்டு நிறுத்தினார். வழக்கம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் மாறுதல் கண்ணில் பட்டது. எல்லாரும் எல்லாமும் செய்யும் இடத்தில் வழக்கம் என்று ஒன்று ஏது? பின்னர் கணினி அமைப்புகளைப் பராமரித்த ஐ.எச்.ஐ.எஸ். நிறுவனத்துக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

நம் நாட்டைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்றால், நாமும் சிரிக்கக் கூடாது. 2017-இல் மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 லட்சம் பதிவுகள் வெளியே கசிந்து விற்பனைக்கு வந்ததை லோயாட் இணையத்தளம் அம்பலப்படுத்தியது. நாட்டின் மக்கள் தொகையே அப்போது 3 கோடியே 20 லட்சம் அளவில்தான்.

கடவுச்சொல்லைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணினிகளில் கடவுச்சொல்லை முதலில் கொண்டுவந்த இடங்களுள் ஒன்று, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் அமைத்த கணினி. அங்கே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. அது போதவில்லை. 1962-இல் அவர் ஒரு துளை அட்டையில் கடவுச்சொற்கள் இருந்த கோப்பின் பெயரைக் குறித்து, அச்சிட்டுத் தரும்படி கொடுத்தார். கணினி அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! எல்லாருடைய கடவுச்சொல்லும் ஒரே தாளில். பிறகு அவர் மற்றவர்கள் பெயரில் உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டார். கெட்டிக்கார மாணவர்தான், ஆனால் அதைவிட முக்கியம், அங்கே இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. அந்தக் கோப்பை அச்சிடும் உரிமை அவருக்கு இருந்திருக்கக் கூடாது. கடவுச்சொற்கள் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருக்கவும் கூடாது.

இன்றைய நல்ல தரவுத்தளம் உங்கள் கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதை அரைத்த மாவைத்தான் சேமிக்கிறது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது, இல்லையா? நீங்கள் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் தட்டியதை மறுபடி அரைத்து, பழைய மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாகிவிடுமே என்பதற்காக, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு சிட்டிகை சேர்த்து அரைப்பார்கள். கணினித் துறையில் அதற்குப் பெயரே ‘உப்பு’. ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-இல் இதை விளக்கி எழுதினார்கள். அலுவலகத்தில் எக்செல் கோப்பு ஒன்றில் எல்லாருடைய கடவுச்சொல்லையும் வரிசையாக எழுதி வைத்திருந்தால், நாம் இன்னும் 1962-இல்தான் இருக்கிறோம்.

மாவைத் திருடியவன் என்ன செய்வான்? ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்ப்பான். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன கடவுச்சொற்கள் மொத்தம் ஏறத்தாழ 20,900 கோடி. பெரிய எண்தான். ஆனால் பழைய, விரைவான முறையில் அரைத்த மாவாக இருந்தால், நல்ல வரைகலை அட்டை ஒன்று நொடிக்கு 1000 கோடிக்கும் மேல் முயன்று பார்க்கும். அரை நிமிடம்கூட ஆகாது. அதே சிறிய எழுத்துகளைத் தாறுமாறாகப் பதினாறு இடங்களுக்கு நீட்டுங்கள். அதே வேகத்தில் 1 லட்சத்து 38 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், 26-ஐப் பதினாறு முறை பெருக்கினால் போதும். அதனால்தான் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017-இல் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது: குறியீடு கட்டாயம் என்று வற்புறுத்தாதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள், காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அலுவலகங்களில்தான் விசைப்பலகைக்கு அடியில் சீட்டு அதிகம் ஒட்டியிருக்கிறது என்பது என் கண்ணால் கண்டது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வைத்தால் ஒட்ட வேண்டிய தேவையே இராது.

ஒரு மறுப்பு வரும், அதில் நியாயமும் உண்டு. நான்கு பேர் உள்ள கடையில் இவ்வளவு கெடுபிடி எதற்கு? அக்கா விடுப்பில் போனால் வேலை நின்றுவிடாதா? நிற்கக் கூடாதுதான். அதற்கு வழி, அக்காவின் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்வதல்ல. அக்கா இல்லாத நாளில் அவர் வேலையைச் செய்பவருக்கு அந்த உரிமையை அவர் பெயரிலேயே கொடுத்து, அக்கா வந்ததும் திரும்ப எடுப்பது. இரண்டு கட்டளை, இரண்டு நிமிடம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவதும் அப்படித்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மலேசியாவின் 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லை அதைப் பெற அனுமதி இல்லாதவருக்குச் சொல்வதே குற்றம். 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். திருடினால்தான் தண்டனை என்பதில்லை, நண்பனுக்குச் சொன்னாலும் சிக்கல் வரலாம். பள்ளியில் உங்கள் டெலிமா கணக்கைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, “நமக்குள்ள என்ன” என்கிறீர்களே, அந்தப் பழக்கம்தான் பிறகு அலுவலகத்துக்கும் கூடவே வருகிறது.

வேலையில் சேர்ந்த முதல் நாளே சட்டம் பேசினால் அக்காவுக்குக் கோபம் வரும், எனக்கும் தெரியும். சண்டை போட வேண்டியதில்லை. சீட்டைக் காட்டும்போது வாங்கிக்கொள்ளாமல், சிரித்த முகத்தோடு இப்படிக் கேளுங்கள்: “அக்கா, நான் புதுசு, கை தவறி எதையாவது அழிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு. என் பேர்ல தனியா ஒரு கணக்கு போட்டுத் தர முடியுமா?” அந்தப் பெண்ணும் இப்போது வேறோர் அலுவலகத்தில் இருக்கிறாள். சேர்ந்த அன்று அவள் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். மதியத்துக்குள் கணக்கு வந்துவிட்டதாம்.