ரயில் அதேதான், டிக்கெட்தான் வேற!

அகரத்தில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு எண்பத்தைந்து வயசு. திண்டுக்கல் சந்தைக்கு மாட்டு வண்டியில் போன மனுஷி. கரி இன்ஜின், டீசல், கரன்ட் என எல்லா ரயிலையும் ஒரே ஆயுசில் பார்த்துவிட்டார். 2023 செப்டம்பரில் நெல்லை - எழும்பூர் வந்தே பாரத் ஓட ஆரம்பித்ததும், திண்டுக்கல் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ‘‘இது பழநிக்குப் போகுமாடா?’’ என்றார். போகாது.

பழநி லைனை அகலப்பாதை ஆக்குவதற்காக 2009-ல் மூடினார்கள். மறுபடி பழநிக்கு ரயில் வர 2012 ஆனது. பொள்ளாச்சிக்கு 2015. சரி, நல்ல காரியம், லேட்டாகத்தான் நடக்கும் என்று பொறுத்துக்கொண்டோம். நான் கேட்பது வேறு.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ரயில்களை நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? திரும்ப ஓடியபோது பாசஞ்சர் ரயில்கள் ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ ஆகியிருந்தன. அதே பெட்டி, அதே மரத்தடி ஸ்டேஷன்களில் அதே நிறுத்தம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30! பி.காம். படித்தவன் சொல்கிறேன், இது 200 சதவிகித உயர்வு. எந்தத் தொழில்நுட்பமும் மாறவில்லை, பெயர்ப்பலகை மாறியது. 2024 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கினார்கள். இடையில் வாங்கிய கூடுதல் 20 ரூபாய்களை எந்தக் கணக்கில் எழுதினார்களோ!

அதே 2020-ல் இன்னொன்றையும் எடுத்தார்கள். முதியோர் சலுகை. 60 தாண்டிய ஆண்களுக்கு 40, 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவிகிதம். 10 ரூபாய் திரும்பி வந்தபோதும் இது வரவில்லை. கேட்டதற்கு, ‘எல்லாப் பயணிகளுக்குமே சராசரியாக 46 சதவிகிதம் மானியம் தருகிறோமே’ என்று 2024-ல் ரயில்வே பதில் சொன்னது. அய்யா, சம்பளம் வாங்குகிற எனக்கும், சம்பளமே இல்லாத அப்பத்தாவுக்கும் ஒரே அளவு கொடுத்தால் அதற்குப் பேர் சலுகையா?

ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ் ஓட்டை உடைசல்தான், மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனாலும் அப்பத்தா சுருக்குப்பையைத் திறக்காமலே திண்டுக்கல் போய் வருகிறார்.

வந்தே பாரத் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே இரண்டு தடவை போயிருக்கிறேன், ஏ.சி. நன்றாகத்தான் இருந்தது. அப்பத்தாவின் பாதி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். அதற்குப் புது இன்ஜின் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.