கேட்டதே குற்றமா?

"விரும்புகிறவர்கள் எதையோ செய்துகொள்ளட்டும், எங்கள்மேல் ஏன் திணிக்கிறீர்கள்?" ரோல்பிளேயிங் வீடியோ கேமில் தன்பாலின ஈர்ப்புள்ள ஒரு பாத்திரம் வந்துவிட்டால் போதும், இந்தக் கூச்சல் கிளம்பிவிடும். அப்படி என்னதான் திணித்துவிட்டார்கள்?

2011இல் பயோவேர் நிறுவனம் 'டிராகன் ஏஜ் 2' கேமை வெளியிட்டது. அதன் மையப் பாத்திரமான ஹாக் ஆணா, பெண்ணா என்பதை விளையாடுகிறவரே முடிவு செய்யலாம். கூட வருகிறவர்களில் ஆண்டர்ஸ், ஃபென்ரிஸ், இசபெலா, மெரில் நால்வரையும் ஹாக் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் காதலிக்கலாம். யாரையும் காதலிக்காமலே கதையை முடிக்கலாம். ஆனாலும், பெண்களை மட்டுமே விரும்பும் ஆண்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று புகார் வந்தது. காதல் பகுதி விளையாடும் எல்லோருக்கும்தான் என்று தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர் பதில் சொன்னார்.

ஆண்டர்ஸ் ஆண் ஹாக்கிடமும் தன் ஆசையைச் சொல்வான். வேண்டாமென்றால் மறுத்துவிடலாம். அந்த மறுக்கும் உரிமை அவர்களுக்குப் போதவில்லை. தங்களிடம் அவன் கேட்கவே கூடாதாம்!

தோழர்களே, இந்தக் குரலை நமக்குத் தெரியாதா? 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் எவரையும் சாதி மாறிக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். அப்படியொரு வழி இருப்பதையே பொறுக்காதவர்கள்தான் 'நாடகக் காதல்' என்று மேடை போட்டுப் பேசினார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது அந்தச் சாதிவெறிதான். கேம் பற்றிய புகாரையும் கொலையையும் நாங்கள் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் பேசுவது ஒரே திமிர்.

இதெல்லாம் நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளின் பிரச்சினை என்று நம்மில் சிலர் ஒதுக்குகிறார்கள். அவர்கள் 2014இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' விளையாடிப் பார்க்கட்டும். அதில் வரும் டோரியன் ஆண்களை மட்டுமே விரும்புகிறவன். அவன் பிறந்த டெவிண்டர் நாட்டின் உயர்குடிகள் வம்சத்தின் மந்திர ஆற்றல் குறையாதபடி ரத்தம் பார்த்துச் சம்பந்தம் செய்கிறார்கள். அவன் மறுக்கிறான். ரத்த மந்திரத்தால் மகனின் மனதையே மாற்றப் பார்க்கிறார் அப்பா. கனடாக்காரர்கள் எழுதிய டிராகன் கதையில் நம்மூர் அகமண முறை அச்சு அசலாக உட்கார்ந்திருக்கிறது!

எங்களுக்கு ஒரு குறை உண்டு. டோரியனின் இந்தக் கதையைத் தொடாமலே கேமை முடித்துவிட முடியும். காதலிப்பதும் மறுப்பதும் விளையாடுகிறவர் விருப்பம், சரி. அந்த அப்பா செய்த கொடுமையைப் பார்ப்பதுமா விருப்பம்? கேம் வடிவமைப்பு படிக்கும் நம் பிள்ளைகள் இப்படியொரு அப்பாவை எழுதினால், அவரைக் கடக்காமல் யாரும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாதபடி எழுதுங்கள்.