ஈற்றில் மிக்க குறி

படமாயினும் ஒலிப்பதிவாயினும் அதனை எழுத்துருவாக்கி இணையவழி விடுக்கும் முறையைப் பேஸ்64 என்ப. மும்மூன்று பைட்டுகளை நந்நான்கு எழுத்துக்களாக்குவது அதன் இயல்பு. அவ்வெழுத்துத் தொடரின் ஈற்றில் அயற்குறி ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளின் பெறுவோன் யாது செய்தல் தகும்? அதனை வெட்டியெறிந்து எஞ்சியதை ஏற்பதே பெருந்தன்மை என்பாருளர். யாம் அதற்கு உடம்படோம்.

ஈற்றில் நிற்பன யாவும் ஒரு தன்மையவல்ல. மூன்றாகப் பகுத்தபின் ஒரு பைட்டு எஞ்சுமாயின் இறுதியில் இரண்டு சமக்குறிகள் இடப்படும்; இரண்டு எஞ்சுமாயின் ஒன்று. செய்யுளில் ஓசை குன்றியவிடத்து அதனை நிறைக்க வரும் அளபெடையோடு இதனை ஒப்பிடலாம். பொருள் தராது, அளவை நிறைக்கும். 2015-இல் வெளிவந்த ஜேசன் வலைக் கையொப்ப விதி இக்குறிகளை விடுத்தெழுதுமாறே பணிக்கின்றது. நீளங்கொண்டு மீட்டுக்கொள்ளலாமாதலின் அதனால் இழுக்கொன்றுமில்லை.

இழுக்கு வேறிடத்தது. 'அ' என்னும் எழுத்து யூடிஎப்-8 முறையில் மூன்று பைட்டு. ஆதலின் பேஸ்64-இல் நான்கெழுத்தாய் நிரம்பி முடியும். அதனையே எக்கோ என்னும் கட்டளையின் வாயிலாகக் குறியாக்குவோர், அக்கட்டளை தானே சேர்க்கும் வரிமுடிவையும் உடன் கட்டி எட்டெழுத்துப் பெறுவர். கட்புலனாகாத அவ்வொரு பைட்டு கடவுச்சொல்லின் ஈற்றில் நிற்பின், உரியவனுக்கே வாயில் அடைபடும்! இதனைப் பெறுவோன் அறிதலும் அரிது. விடுப்போனே காத்தல் வேண்டும்.

குறியாக்கிய பின்னர்ப் புறத்தே ஒட்டும் குறியைப் பற்றியே வழக்கு. 1996-ஆம் ஆண்டின் அஞ்சல் விதி, வரிக்கு 76 எழுத்துக்கு மேற்படாது மடித்தெழுதச் சொல்லி, அயற்குறிகளைப் பெறுவோன் பாராட்டாது விடுக என்றது. மடித்த வரிகளுக்கு அது பொருந்தும். 2006-ஆம் ஆண்டின் பொதுவிதியோ, தனி உடன்பாடு இல்லாவிடத்து அயற்குறி கண்ட தொடரைத் தள்ளுக என்றது. யாம் பின்னதன் பக்கலேம். ஏனெனில் படிவ முறையில் வரும் கூட்டற்குறி இடைவெளியாகத் திரியும். அக்கூட்டற்குறியோ பேஸ்64-இன் அறுபத்துநான்கில் ஒன்று. இடைவெளிதானே என்று நீக்குவோன் உண்மையில் ஓரெழுத்தைக் கொன்றவனாவான். அதன்பின் நிற்பன எல்லாம் ஆறு பிட்டு இடம்பெயர்ந்து, மாணவனொருவன் விண்ணப்பத்தோடு விடுத்த சான்றிதழ்ப்படம் பாழாகும். பெற்ற அலுவலகம் ஏற்றதாகவே குறித்துக்கொள்ளும். பாழானதை அவன் நாள் கடந்த பின்னரே அறிவான். உடனே மறுக்கப்பட்டிருப்பின் அன்றே திரும்ப விடுத்திருப்பான் அன்றோ?

மறுப்பு மட்டும் போதாது. பிழை எனும் ஒற்றைச் சொல்லோடு திருப்பியனுப்பும் வழக்கம் எமக்கு வெறுப்பாகவேயுள்ளது. எத்தனையாவது இடத்தில் எக்குறி நின்றது என்பதையும் உடன் எழுதி விடுத்தல் வேண்டும்.