கிழட்டு வண்டிக்கு சிந்தெடிக் எதுக்கு?

நம்ம ஜோகுபாளையம் வீட்டு வாசல்ல நிக்கிற ஆல்ட்டோ 2012ல வாங்கினது. 1,60,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. "சிந்தெடிக் ஊத்துங்க சார், இன்ஜின் புதுசாயிடும்"னு சர்வீஸ்ல ஒருத்தர் அடிச்சு விட்டார். நானும் நம்பினேன்.

தேய்ஞ்ச பிஸ்டன் ரிங்கை எந்த ஆயிலும் வளர்க்காது சாமி! ஆயில் குடிக்கிற இன்ஜினுக்கு சிந்தெடிக் ஊத்துறது, வாராக்கடன்காரனுக்கே மறுபடி லோன் கொடுக்கற கதை (நமக்கு அத்துப்படியான கதை!). மேனுவல்ல சொன்ன கிரேடுல மினரல் ஆயிலே போதும், நாள் தள்ளாம மாத்தினா சரி.

அதுக்காக, "சிந்தெடிக் போட்டா சீல் ஒழுகும்"னு பயமுறுத்தறவங்களையும் நம்பாதீங்க. அது அந்தக் காலத்து ஆயில். இப்ப சீலுக்கும் சேர்மானம் போட்டுதான் வருது. குடிக்காத இன்ஜினா, தாராளமா ஊத்துங்க.

எதை ஊத்தினாலும், ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்க மக்களே. பொங்கலுக்கு சேலம் போறப்ப தொப்பூர் கணவாய்ல ஆயில் லைட் எரிஞ்சுது. பின்சீட்ல ரெண்டு புள்ளைங்க. அன்னைக்கு உள்ளே இருந்தது அந்த சிந்தெடிக்தான்.