சாரதா என்றொரு அம்மாள்

ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைக்காட்சியில் விவாதம். பெண்ணின் திருமண வயதை 21 ஆக்க வேண்டுமா, கூடாதா என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் திடீரென்று குரலை உயர்த்தி, “அந்தக் காலத்திலேயே சாரதா அம்மையார் தன்னந்தனியாகப் போராடிக் கொண்டுவந்த சட்டம் இது!” என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நெறியாளரும் ஆட்டினார். நான் ரிமோட்டைத் தேடினேன். “பிரஷர் மாத்திரை போட்டாச்சா?” என்று உள்ளிருந்து கேள்வி வந்தது.

பெயர் விஷயத்தில் நான் முசுடு. எங்கள் தெருப் பெயர்ப்பலகையில் விழுந்த ஒரு கொம்புக்காக நான்கு வாரம் இந்தப் பத்தியை வீணடித்தவன். இங்கே விழுந்தது ஒரு புள்ளி. சார்தா என்பதில் புள்ளி போனால் சாரதா. தலைப்பாகை கட்டிய அஜ்மீர்க்காரர் ஒருவர், அந்த ஒரு புள்ளியில் அம்மையாராகிவிட்டார்.

ஹர்பிலாஸ் சார்தா 1867இல் பிறந்து 1955 வரை இருந்தவர். ஆரிய சமாஜி, தயானந்தரின் வரலாற்றை எழுதியவர். நீதித்துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, மற்றவர்கள் பேரனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற வயதில், 1924இல் அஜ்மீர்-மேர்வாராவிலிருந்து மத்திய சட்டசபைக்குப் போனார்.

அவருடைய புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1906இல் வெளிவந்த ‘ஹிண்டு சுப்பீரியாரிட்டி’. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கியது. அட்டை இல்லை, முதுகைச் செல் அரித்துவிட்டது. ஆட்சிமுறையா, இலக்கியமா, தத்துவமா, மருத்துவமா, கடல் வாணிபமா, எதை எடுத்தாலும் உலகத்துக்கு முன்னோடி இந்துக்களே என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதாடுகிறார். வெள்ளைக்கார அறிஞர்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, பக்கத்துக்கு இரண்டு மேற்கோள். தூக்கம் வராத இரவுகளில் இதைத்தான் எடுப்பேன். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்தப் பிடிவாதமான உற்சாகம் பிடிக்கும். நம் பெருமை பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தகத்தைக் கொடுத்து, கூடவே அதை எழுதியவர் இருபது வருஷம் கழித்து எழுதிய இன்னொரு காகிதத்தையும் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

அந்தக் காகிதம், 1927இல் அவர் கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடை மசோதாவின் நோக்க விளக்கம். அதில் பெருமை ஒன்றும் இல்லை. 1921 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எண்களை எடுத்து அடுக்கியிருக்கிறார். முதல் எண் 612. ஒரு வயதுகூட நிரம்பாத இந்து விதவைகள். பல் முளைக்கும் முன்னால் தாலி ஏறி, நடக்கும் முன்னால் இறங்கியவர்கள்.

மசோதா தேர்வுக்குழுவுக்குப் போயிற்று. வயதை விசாரிக்க மோரோபந்த் ஜோஷி தலைமையில் ஒரு கமிட்டி ஊர் ஊராகச் சாட்சி கேட்டது. அதில் ஆற்காடு ராமசாமி முதலியாரும் உறுப்பினர். சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவு திரட்டினார். டெல்லியில் நம் பக்கத்து எம்.கே. ஆச்சாரியாரோ சாஸ்திரம் போச்சு என்று மல்லுக்கு நின்றார். கடைசியில் 1929 செப்டம்பரில், எல்லா மதத்தினருக்கும் பொதுவாக, பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று நிறைவேறியது. அமலுக்கு வரும் நாள் 1930 ஏப்ரல் 1.

இந்த இடத்தில்தான் எனக்கு அத்தைப்பாட்டி ஞாபகம் வந்துவிடுகிறது. விவாதம் கிடக்கட்டும்.

சட்டம் கையெழுத்தானதற்கும் அமலுக்கு வந்ததற்கும் நடுவே ஆறு மாதம். ஜனங்கள் தயாராகட்டும் என்று கொடுத்த அவகாசம். ஜனங்கள் தயாரானார்கள். நாடு முழுக்க முகூர்த்தம் முகூர்த்தமாகக் குழந்தைகளுக்கு மாலை மாற்றினார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் அக்ரகாரத்தில் அந்த மாசி மாதம் ஒரே பந்தலில் மூன்று கல்யாணம். ஒரு பரிசாரகர் கோஷ்டி, ஒரு நாகஸ்வரம், மூன்று மணைப்பலகை. அத்தைப்பாட்டிக்கு எட்டு வயது. ஒன்றுவிட்ட தங்கைகள் இருவர் அவளுக்கும் இளையவர்கள்.

மாப்பிள்ளை முகம் அவளுக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருந்தது பருப்புத் தேங்காய். மூன்று ஜோடி கூம்பும் வரிசையாக நிற்க, தன்னுடையதில் மட்டும் ஜிகினாக் காகிதம் கிழிந்திருந்தது என்று எழுபது வயதிலும் குறைப்பட்டுக்கொள்வாள். தாலி கட்டும்போது மூன்றாவது கல்யாணப்பெண் மாமா மடியில் தூங்கிவிட்டாளாம். எழுப்ப வேண்டாம், முகூர்த்தம் தப்பிவிடும் என்று அப்படியே கட்டினார்களாம். அந்தத் தங்கைதான் இரண்டு வருஷத்தில் நார்மடிக்குப் போனாள். பிறகு அறுபது வருஷம் அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தாள். அப்பளம் இட்டாள். அவளுடைய அப்பளம் எங்கள் வீட்டுக்கும் வரும்.

அமலுக்கு வந்த பிறகுதான் என்ன? போலீஸ் தானாகப் பிடிக்க முடியாது. யாராவது மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவரிடம் நூறு ரூபாய் வரை ஜாமீன் கேட்கலாம். ஒரு வருஷம் தாண்டினால் வழக்கே இல்லை. குற்றம் நிரூபணமானாலும் அதிகபட்சம் ஒரு மாத வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் அபராதம். கல்யாணம் மட்டும் செல்லும். சொந்தக்காரன் வீட்டுப் பந்தலில் சாப்பிட்டுவிட்டு எவன் போய் நூறு ரூபாய் கட்டுவான்? அதற்கும் பயந்தவர்கள் பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரிக்கு ரயிலேறி முகூர்த்தம் வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் சார்தா தோற்றாரா? அத்தைப்பாட்டியின் கடைசித் தங்கை அந்தப் பந்தலில் இடுப்புக் குழந்தை. அவளுக்கும் வரன் தேடினார்கள், அகப்படவில்லை. பிறகு சட்டம் வந்துவிட்டது. பயந்த சுபாவமுள்ள கொள்ளுத்தாத்தா ஜெயிலை நினைத்துத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்ட வருஷங்களில் அவள் பள்ளிக்கூடம் போனாள். பிறகு டீச்சரானாள். எனக்கு ‘அ’ எழுதப் பழக்கியவள் அவள்தான்.

ஒருநாள் அத்தைப்பாட்டி அவளைக் காட்டி என்னிடம் சொன்னாள்: “அந்தச் சாரதா யாரோ, மகராசி. என்ன வேலையோ அவளுக்கு, ஒரு மாசம் லேட்டா வந்துட்டா. மாசிக்கு முன்னாடி வந்திருந்தா நானும் டீச்சர்தான்.”

அது அம்மா இல்லை பாட்டி, அஜ்மீர்க்கார ஐயா என்று நான் திருத்தினேன். அப்போதே முசுடு. அவள் நம்பவில்லை. “போடா, ஆம்பளைக்கு ஏண்டா இது தோணப்போறது?” என்றாள்.

தொலைக்காட்சி நண்பரே, புள்ளியை நான் விட்டுவிடுகிறேன்.